125 கிராமுக்குள் எந்த மணம்? பைப் புகையிலைக் கலவைகள்: ஓர் ஒப்பீடு

வெளிநாட்டிலிருந்து ஊர் திரும்புகிற ஒருவர் சுங்க வரி கட்டாமல் கொண்டுவரக்கூடிய புகையிலை 125 கிராம். பைப் புகையிலை டப்பாக்கள் ஐரோப்பாவில் பெரும்பாலும் 50 கிராம்; அமெரிக்காவில் 2 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 57 கிராம். எப்படிக் கணக்குப் போட்டாலும் இரண்டு டப்பாதான். கேரளத்தின் இடுக்கி மலையில், குமுளி, வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை வட்டாரத்தில் இன்னும் பைப் பிடிக்கிறவர்கள் சிலர் இருக்கிறார்கள். எஸ்டேட் அலுவலகத்திலோ தேயிலைத் தொழிற்சாலையிலோ வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள். நம் பக்கத்துப் பெட்டிக்கடையில் பீடியும் சிகரெட்டும் கிடைக்கும். பைப் புகையிலை கிடைக்காது. ஆகவே வளைகுடாவிலிருந்தோ லண்டனிலிருந்தோ மருமகன் விடுமுறைக்குப் புறப்படும்போது போனில் கேட்கிறார்: "மாமா, என்ன வாங்கி வரட்டும்?"

மாமாவுக்குப் பதில் தெரிவதில்லை. "ஏதாவது நல்லதாகப் பார்த்து வாங்கி வா" என்கிறார். வந்து சேர்வது வெனிலா மணம் வீசும் பளபளப்பான பை ஒன்று. இரண்டு நாள் பிடித்துவிட்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்.

டப்பாவின் மேல் அச்சிட்டிருப்பதை வைத்துத் தேர்ந்தெடுக்கலாமே என்றால், அது இருட்டில் கல்லெறிகிற வேலை. அத்திப்பழம், பதனிட்ட தோல், விறகுப் புகை, வெட்டிய புல், பழைய மர அலமாரி என்று அடுக்கியிருப்பார்கள். படிக்கச் சுகமாக இருக்கும். ஒருவர் அத்திப்பழம் என்று எழுதியதை இன்னொருவர் உலர்திராட்சை என்பார், மூன்றாமவர் காடி என்பார். மூவரும் முகர்ந்தது ஒரே டப்பாவைத்தான். அதனால் என்ன மணக்கிறது என்று கேட்பதற்கு முன்னால், அந்த மணம் எங்கிருந்து வந்தது என்று கேட்க வேண்டும் என்பது என் கட்சி. இலையிலிருந்து வந்ததா? இலையைப் பதப்படுத்திய நெருப்பிலிருந்தோ பீப்பாயிலிருந்தோ வந்ததா? புட்டியிலிருந்து ஊற்றப்பட்டதா? இந்த மூன்றில் எது என்று தெரிந்துவிட்டால், டப்பாவைத் திறந்தபோது இருந்த மணம், பைப்பில் புகையிலையை நிரப்பும் குழியின் அடிவரைக்கும் நிற்குமா, நடுவழியில் கைவிட்டுவிடுமா என்பதைப் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இது ஏற்கெனவே பைப் பிடிக்கிறவர்களுக்கான கட்டுரை. பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, ஆகவே தீங்கில்லை என்று சில பெரியவர்கள் சாதிப்பார்கள். அது உண்மையல்ல. வாய், உதடு, தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம். நிக்கோட்டின் வாயின் உட்தோல் வழியாகவே இரத்தத்தில் கலந்துவிடும். புகைக்காதவர் மணத்தின் பெயரால் இதைத் தொடங்குவதற்கு ஒரு நியாயமும் கிடையாது. முகர்ந்து பழக அவர்களுக்கு இந்த மலையில் ஏலமும் மிளகும் ஜாதிக்காயும் இருக்கின்றன.

வகைகளைப் பார்ப்பதற்கு முன் ஒரு விஷயம். எந்தப் புகையிலைக்கும் மணம் மூன்று இடத்தில் இருக்கிறது: மூடியைத் திறந்ததும் டப்பாவில் வருவது, பிடிக்கிறவரின் வாயிலும் மூக்கிலும் தெரிவது, பக்கத்தில் இருப்பவருக்கு அறையில் தெரிவது. இவை மூன்றும் ஒத்துப்போவது அபூர்வம். டப்பாவில் கமகமவென்று இருப்பது வாயில் வெந்நீராக இருக்கும். வாயில் அற்புதமாக இருப்பது அறையில் நாற்றமாக இருக்கும். ஒருவர் எழுதிய குறிப்பைப் படிக்கும்போது இந்த மூன்றில் எதைப் பற்றிச் சொல்கிறார் என்று முதலில் பாருங்கள். பாதிப் பேர் மூடியைத் திறந்து முகர்ந்ததோடு எழுதி முடித்துவிடுகிறார்கள்.

நமக்கு மூன்றாவது மணம் சற்று முக்கியமானது. பொது இடத்தில் புகைப்பதைக் கேரள உயர் நீதிமன்றம் 1999இலேயே தடை செய்தது. 2008 அக்டோபரிலிருந்து நாடு முழுவதும் அதே நிலை. எனவே பைப் பிடிக்கிறவருக்கு மிஞ்சியது வீட்டுத் திண்ணை. அங்கே வீட்டம்மாவின் மூக்குதான் நீதிமன்றம்.

முதலில் விர்ஜீனியா. இது இன்று இலையின் வகைக்கும் அதை உலர்த்தும் முறைக்கும் சேர்ந்த பெயர். ஆந்திரத்தின் பிரகாசம், நெல்லூர், கோதாவரிப் பகுதிகளிலும் கர்நாடகத்தின் மைசூர்ப் பக்கத்திலும் இது பெரும் பயிர். இதன் சாகுபடியையும் ஏலத்தையும் கவனிக்கும் புகையிலை வாரியம் 1976 முதல் குண்டூரில் இயங்குகிறது. இலைகளைக் கோலில் கட்டிக் கொட்டகைக்குள் தொங்கவிட்டு, அடுப்பை எரித்து, உள்ளே ஓடும் இரும்புக் குழாய்களின் சூட்டில் உலர்த்துவார்கள். புகை குழாய்க்குள்ளேயே ஓடி வெளியேறிவிடும், இலையைத் தொடாது. ஏலக்காயைச் சூட்டில் உலர்த்தும் பழைய ஸ்டோரைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதே ஏற்பாடுதான். ஒரே வித்தியாசம், ஸ்டோரில் காயின் பச்சை போய்விடக் கூடாது என்று பாடுபடுவார்கள். புகையிலைக் கொட்டகையில் இலை முதலில் நன்றாக மஞ்சளாகட்டும் என்று மிதமான சூட்டில் விட்டுவைப்பார்கள். அந்த நேரத்தில் இலையின் மாவுச்சத்து சர்க்கரையாக மாறுகிறது. மாறியதும் சூட்டை ஏற்றி, அந்த நிலையிலேயே இலையை நிறுத்திவிடுகிறார்கள். சர்க்கரை உள்ளேயே தங்கிவிடுகிறது. விர்ஜீனியாவின் இனிப்பு இந்தக் கொட்டகையில் பிறந்தது; யாரும் ஊற்றியதல்ல.

மணம்? வெளிர் மஞ்சள் இலையானால் வைக்கோல். கம்பம் பள்ளத்தாக்கில் கதிரடித்து இரண்டு நாள் வெயில் பட்ட வைக்கோலைப் புரட்டிப்போடும்போது வருமே, அந்த உலர்ந்த இனிப்பு. அதன் மேலே இலேசாக எலுமிச்சைப் புல். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டும் மாடிக்குப் படியேறிப் போனால் முகத்தில் அடிக்கிற பச்சைவாடையும் கொஞ்சம் உண்டு. சிவந்த விர்ஜீனியா வேறு ஆள். அதில் ரொட்டியின் மேல்தோல், பேரீச்சம்பழம், மறையூரில் கரும்புச்சாறு காய்ச்சும் கொப்பரையில் பாகு இறுகி வரும்போது எழுகிற வாசனை. இன்னும் சூடேற்றிக் கருக்கிய விர்ஜீனியாவில் உலர்ந்த அத்தி தெரியும். இங்கிலாந்தின் கெண்டல் நகரில் 1792இல் தொடங்கிய சாமுவேல் காவித் நிறுவனத்தின் ஃபுல் விர்ஜீனியா ஃப்ளேக் இந்தக் கருத்த ரகத்துக்கு எல்லாரும் காட்டுகிற உதாரணம்.

விர்ஜீனியாவைத் தூளாக வாங்காமல் வில்லையாக வாங்கச் சொல்வேன். இலையை அடுக்கி, அழுத்தி, கட்டியாக்கி, பிறகு மெல்லிய பட்டைகளாக அரிந்திருப்பார்கள். ஒரு வில்லையைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். பழுப்புக்கு நடுவே மஞ்சள் கோடுகள், ஓரத்தில் கறுப்பு. எந்த இலை எவ்வளவு கலந்திருக்கிறது என்பது கண்ணுக்கே தெரியும். அப்படியே முகர்ந்தால் புளித்த மாவின் வாடையும் வெல்ல வாசனையும் வரும். உள்ளங்கையில் வைத்துக் கட்டைவிரலால் மெதுவாகத் தேய்த்து உதிர்த்துவிட்டு மறுபடி முகருங்கள். வைக்கோல் முன்னே வந்துவிடும், வெல்லம் பின்னே போய்விடும். உதிர்த்ததைக் காகிதத்தில் பரப்பிக் கால் மணி, அரை மணி காயவிட்டு, மூன்றாம் முறை முகர்ந்தால் டப்பாவுக்குள் அடைந்து கிடந்த புளிப்பும் கலைந்திருக்கும். பற்றவைத்தால் வாயில் தெரியப்போவது இந்த மூன்றாவது மணத்துக்குத்தான் நெருக்கமானது. கடையில் மூடியைத் திறந்து முகர்ந்து தீர்ப்புச் சொல்கிறவர்கள் இதைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

குறையையும் சொல்ல வேண்டும். சர்க்கரை மிகுந்த இலை என்பதால் அவசரப்பட்டு இழுத்தால் நாக்கு வெந்துபோகும். ஈரத்தோடு பற்றவைத்தால் ஆவியும் சேர்ந்து பொசுக்கும். சிகரெட் பிடித்துப் பழகியவர்கள் பைப்பை ஒரே வாரத்தில் தூக்கிப்போடுவதற்கு இதுவே காரணம். சூடான காப்பியை உறிஞ்சுவது போலச் சிறிது சிறிதாக இழுக்கத் தெரிந்தால்தான் விர்ஜீனியா தன்னைக் காட்டும். அவசரக்காரருக்கு அது சூடான காற்று.

விர்ஜீனியாவோடு சிறிது பெரிக் சேர்ந்தால் கதை மாறுகிறது. பெரிக் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செயின்ட் ஜேம்ஸ் என்ற ஒரு சிறு பகுதியின் சரக்கு. இலையைச் சுருட்டி விஸ்கி பீப்பாய்களில் திணித்து, மேலே திருகாணிப் பாரம் ஏற்றி, தன் சாற்றிலேயே ஒரு வருடத்துக்கு மேல் ஊறவிடுவார்கள். இடையிடையே வெளியே எடுத்துக் காற்றாட விட்டு மறுபடி அழுத்துவார்கள். வெளியே வரும்போது இலை கறுத்துப் பசையாக இருக்கும். தனியாக முகர்ந்தால் பலருக்குப் பிடிக்காது. சின்னமனூரிலோ கம்பத்திலோ திராட்சைத் தோட்டத்தில் பன்னீர் திராட்சை அளவுக்கு மீறிப் பழுத்து, கூடையின் அடியில் நசுங்கிப் புளிக்கத் தொடங்கியிருக்கும்போது ஒரு மணம் வரும். இனிப்பும் காடியும் ஒன்றாக. அதுதான் பெரிக். புகையில் அதோடு மிளகின் காரம் ஒன்று சேர்கிறது. நாக்கில் இல்லை, புகையை மெதுவாக மூக்கு வழியாக விடும்போது மூக்குத்தண்டின் உள்ளே. மிளகு அம்பாரத்தின் பக்கத்தில் நின்றவர்களுக்கு இந்தக் காரம் உடனே பிடிபடும். கலவையில் பெரிக் சிறிதளவுதான் இருக்கும். இருந்தாலும் விர்ஜீனியாவின் வைக்கோல் இனிப்புக்குப் பக்கத்தில் ஒரு புளிப்பையும் காரத்தையும் கொண்டுவந்து வைத்து, இரண்டையும் தனித்தனியே அடையாளம் காணக் கற்றுக்கொடுத்துவிடும். கயிறாகத் திரித்து நாணயம் போல அரிந்த எஸ்குடோ இந்தக் கூட்டணிக்குப் பேர்போனது.

அடுத்தது லட்டாக்கியா. எதிர்முனை.

சிரியாவின் துறைமுக நகரம் ஒன்றின் பெயர் இது. இப்போது சந்தையில் இருப்பது பெரும்பாலும் சைப்ரஸ் வகை. வெயிலில் உலர்ந்த சிறு இலைகளைக் கொட்டகையில் தொங்கவிட்டு, கீழே பைன், மிர்ட்டில் போன்ற மணமுள்ள மரங்களையும் புதர்களையும் கனலவிட்டு, வாரக்கணக்கில் புகையூட்டுவார்கள். இங்கே புகை இலையைத் தொடுகிறது. தொடுவதற்காகத்தான் எரிக்கிறார்கள். விர்ஜீனியாவுக்கு ஏலக்காய் ஸ்டோர் என்றால், லட்டாக்கியாவுக்கு மலையிறங்கி முண்டக்கயம், காஞ்சிரப்பள்ளி பக்கம் போக வேண்டும். ரப்பர் ஷீட்டைக் காயவைக்கும் புகைக்கூட்டின் கதவைத் திறந்தால் வருகிற கனத்த புகைநெடி இதன் உறவு. ரப்பரில் ஓர் அமில முடை இருக்கும், லட்டாக்கியாவில் அது கிடையாது. அதைவிடக் கிட்டத்தில் வருவது குடம்புளி. அடுப்பின் மேல் பரணில் புகைபட்டுக் கறுத்து, தோல் போலச் சுருங்கிய குடம்புளித் துண்டைக் கையில் எடுத்து முகர்ந்து பாருங்கள். புகை, புளிப்பு, பழைய தோல் மூன்றும் ஒன்றாக வரும். வெள்ளைக்காரர் பதனிட்ட தோல், விறகுப் புகை என்று இரண்டு சொல்லில் பிரித்து எழுதுவதை நாம் ஒரே பொருளில் முகர்ந்துவிடலாம்.

லட்டாக்கியா முதல் ஐந்து நிமிடம் மற்ற எல்லாவற்றையும் மூடிவிடும். பிறகு மூக்கு அதற்குப் பழகிவிடுகிறது; அடியில் இருப்பவை ஒவ்வொன்றாக மேலே வருகின்றன. பெரும்பாலும் அங்கே இருப்பது ஓரியண்டல் இலை. மாசிடோனியா, துருக்கியின் இஸ்மீர், சாம்சுன் பகுதிகளில் விளைந்து வெயிலில் உலர்ந்த, உள்ளங்கைக்குள் அடங்கும் சின்ன இலை. அதன் மணத்தை எழுத்தில் பிடிக்கத் திணறுகிறவர்களுக்கு நான் சொல்வது: தலையில் வைத்து இரண்டு நாள் ஆன மரிக்கொழுந்து. வாடியும் மணம் விடாத அந்தப் பச்சிலைத்தன்மை, அதோடு கொஞ்சம் சாம்பிராணி, அடியில் மெல்லிய மோர்ப் புளிப்பு. இதற்கும் கீழே விர்ஜீனியாவின் இனிப்பு. ஆக, நெருப்பில் பிறந்த மணம் ஒன்று, வெயிலில் பிறந்தது ஒன்று, கொட்டகைச் சூட்டில் பிறந்தது ஒன்று என்று மூன்றும் ஒரே குழியில். இங்கிலீஷ் கலவை என்று கடைக்காரர்கள் அழைப்பது இதைத்தான். ஓரியண்டல் தூக்கலாக இருந்தால் பால்கன் என்பார்கள். எல்லைக்கோடு யாருக்கும் திட்டவட்டமாகத் தெரியாது.

கறுப்பாக இருப்பதால் காட்டமானது என்று நினைக்க வேண்டாம். லட்டாக்கியாவில் நிக்கோட்டின் குறைவு, சர்க்கரையும் குறைவு. நாக்கை வேகவைக்காமல் ஆறி எரியும். புதியவருக்கு விர்ஜீனியாவைவிட இதைப் பிடிப்பது எளிது. ஒரு காலத்தில் டன்ஹில் பெயரில் வந்து இப்போது பீட்டர்சன் பெயரில் வரும் கலவைகளில், ஏர்லி மார்னிங் பைப் மிதமானது. நைட்கேப் அழுத்தமானது, அதில் பெரிக்கும் உண்டு. பெயரிலேயே பொழுது குறித்திருக்கிறார்கள். அந்த அளவுக்கு நம்பலாம்.

வில்லங்கம் அறையில். பிடிக்கிறவருக்குக் கோயில் வாசல், பக்கத்தில் இருப்பவருக்குத் தீய்ந்த வயர். ஜூன், ஜூலையில் மூடுபனி இறங்கி, ஜன்னலைத் திறக்க முடியாமல் கிடக்கும்போது இந்தப் புகை திரைச்சீலையில் ஏறிக்கொண்டு இறங்காது. பைப்பிலும் அப்படித்தான். பைப் செய்யும் பிரையர் மரத்தில் ஊறிவிட்டால் அடுத்து எதைப் போட்டாலும் லட்டாக்கியா எட்டிப்பார்க்கும். இதற்கென்று ஒரு பைப்பை ஒதுக்கிவிடுவதே வழி.

பர்லியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1864இல் அமெரிக்காவின் ஒஹாயோவில் ஒரு நாற்றங்காலில் எதேச்சையாகத் தலைகாட்டிய வெளிறிய செடியின் வழிவந்த இலை. இதைச் சூடேற்றாமல் காற்றோட்டமான கொட்டகையில் வாரக்கணக்கில் மெதுவாக உலர்த்துவதால், இலை தன் சர்க்கரையைத் தானே தின்று தீர்த்துவிடுகிறது. மிஞ்சுவது கடலைத்தோல், வறுத்த கொட்டை, கோகோ. கோகோ என்றதும் சாக்லேட் என்று நினைத்துவிடாதீர்கள். அடிமாலிப் பக்கம் புளிக்கவைத்து வெயிலில் காயவைத்த கோகோ விதையை உடைத்து வாயில் போட்டால் வரும் துவர்ப்பும் மண்வாசமும்தான். நிக்கோட்டின் விர்ஜீனியாவைவிடத் தூக்கல். வெறும் வயிற்றில் தலை சுற்றும். ஊற்றியதை எல்லாம் உறிஞ்சிக்கொள்ளும் இலை என்பதால் மணமூட்டிய கலவைகளுக்கு இதை அடித்தளமாக வைக்கிறார்கள். 1907இலிருந்து வரும் பிரின்ஸ் ஆல்பர்ட் இந்த வகை. தினமும் பிடிக்கிறவருக்குச் சலிக்காது என்பார்கள். இரண்டே டப்பாவில் ஒன்றை இதற்குக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை.

விறகு நெருப்பில் புகையூட்டிய கென்டக்கி இலை இன்னொன்று. கரியும் காடியும் கலந்த முரட்டு நெடி. கலவையில் கொஞ்சம் இருந்தால் நல்லது, தனியே வேண்டாம். புகையில் பதமான யாழ்ப்பாணத்து இலை நெடுங்காலம் திருவிதாங்கூர்ச் சந்தைக்கு வந்துகொண்டிருந்தது. அதை வெற்றிலையோடு போட்ட பாட்டிமார்களின் வெற்றிலைப் பெட்டியை நினைவில் வைத்திருப்பவர்களுக்குக் கென்டக்கி அன்னியமாகத் தோன்றாது.

மருமகன்கள் தேடிப்போய் வாங்கிவருகிற மணமூட்டிய வகைக்கு வருவோம். இதன் உடல் பெரும்பாலும் கேவண்டிஷ். அது இலையின் பெயரல்ல. விர்ஜீனியாவையோ பர்லியையோ ஆவியில் வேகவைத்து, இனிப்பேற்றி, அழுத்திக் கறுப்பாக்கும் முறை. அதன் மேல் வெனிலா, ரம், செர்ரி, கேரமல் என்று ஏதாவது ஒரு சாரத்தைத் தெளிப்பார்கள். காய்ந்துவிடாமல் இருக்கப் புரோப்பிலீன் கிளைக்கால் சேர்ப்பார்கள். அதனால்தான் காகிதத்தில் பரப்பி எத்தனை நேரம் வைத்தாலும் கையில் பிசுபிசுக்கிறது. பற்றவைத்தால் குழாயின் அடியில் தண்ணீர் கட்டிக் களகளவென்று சத்தம் வரும்.

டப்பாவில் மற்ற எல்லா வகைகளையும் இது தோற்கடித்துவிடும். அறையிலும் ஜெயிக்கும், பேரக்குழந்தைகூட "தாத்தா, கேக் வாசனை வருகிறது" என்று சொல்லும். (குழந்தை இருக்கும் அறையில் பிடிக்காதீர்கள், எந்த வாசனையாக இருந்தாலும் புகை புகைதான்.) தோற்பது வாயில். தெளித்த சாரம் எளிதில் ஆவியாகிற பொருள். நெருப்பு பட்டதும் அது பக்கத்து நாற்காலிக்குப் போய்விடும், பிடிக்கிறவருக்கு வெதுவெதுப்பான ஈரப்புகை மிஞ்சும். குழியின் பாதியைத் தாண்டிய பிறகு வெனிலா வெறும் கதை.

இன்னொரு காரணமும் எனக்கு உண்டு. இடுக்கியில் வெனிலா பயிரிட்டவர்களை நமக்குத் தெரியும். 2003, 2004 வாக்கில் விலை உச்சத்துக்குப் போனதும் பிறகு தலைகுப்புற விழுந்ததும் மறக்கக்கூடியதல்ல. காயை வெந்நீரில் முக்கி, கம்பளியில் சுற்றி வியர்க்கவிட்டு, மாதக்கணக்கில் பதப்படுத்திய அசல் வெனிலாவின் மணம் உலர்திராட்சைக்கும் மரத்துக்கும் நடுவே எங்கோ நிற்கும். டப்பாவில் அடிப்பது ஐஸ்கிரீம். அசலை முகர்ந்த மூக்குக்கு அது பத்து நிமிடத்தில் திகட்டிவிடும்.

மணமூட்டியதிலும் ஒரு விதிவிலக்கு உண்டு. அதே கெண்டல் நகரத்துக்காரர்கள் சில கலவைகளில் ரோஜா, ஜெரேனியம், டோங்கா விதை மணங்களைச் சேர்க்கிறார்கள். டோங்காவில் இருக்கும் கூமரின் என்ற மணப்பொருளை 1954இல் அமெரிக்கா உணவிலிருந்து விலக்கியது. புகையிலையில் அதன் மணம் தொடர்ந்தது. பழைய சோப்புப் பெட்டியைத் திறந்தது போல இருக்கும். ஒன்று மயங்கிப்போவீர்கள், இல்லையென்றால் டப்பாவை வெளியே வைத்துவிடுவீர்கள். கண்ணால் பார்க்காமல் போனில் சொல்லி வாங்கிவரச் செய்யக்கூடிய பொருள் அல்ல.

ஆகவே என் தேர்வு: ஒரு டப்பா பெரிக் சேர்ந்த விர்ஜீனியா வில்லை, ஒரு டப்பா மிதமான லட்டாக்கியா உள்ள இங்கிலீஷ் கலவை. இரண்டும் ஒன்றுக்கொன்று நேர் எதிர். ஒன்றின் மணம் இலையிலும் பீப்பாயிலும் பிறந்தது, மற்றதன் மணம் நெருப்பிலும் வெயிலிலும். இரண்டையும் மாற்றி மாற்றிப் பிடித்தால் எந்த மணம் எங்கிருந்து வருகிறது என்று மூக்கு தானாகவே பிரித்துப் பார்க்கத் தொடங்கிவிடும். ஒரே வகையில் இரண்டு டப்பா வாங்கினால் அது நடக்காது. மருமகனிடம் பிராண்டின் பெயரை மட்டும் சொல்லாதீர்கள், அது அங்கே இல்லையென்றால் திரும்ப வெனிலாதான் வரும். "விர்ஜீனியா, பெரிக், வில்லையாக இருக்க வேண்டும்; இன்னொன்றில் லட்டாக்கியா இருக்க வேண்டும், மிகவும் அழுத்தமானது வேண்டாம்" என்று எழுதி அனுப்புங்கள். கடைக்காரர் புரிந்துகொள்வார். புறப்படுவதற்கு முன் சுங்க விதியை ஒரு முறை பார்த்துவிடவும் சொல்லுங்கள்.

வீட்டில் லட்டாக்கியாவுக்கு உறுதியாக இடமில்லை என்றால் இரண்டையும் விர்ஜீனியாவிலேயே முடித்துக்கொள்ளலாம், வெளிர் மஞ்சள் ஒன்று, கருக்கியது ஒன்று. விசேஷ நாளில் நாலு பேரோடு உட்கார்ந்து பிடிப்பதற்கு மட்டும்தான் பைப் என்பவர் மணமூட்டியதைத் தாராளமாக வாங்கலாம், அவருக்கு அறையின் மணம்தானே முக்கியம். அதற்கு விலை உயர்ந்த பிரையரைப் பலிகொடுக்காமல், சோளக்கட்டைப் பைப் ஒன்றும் சேர்த்து வாங்கிவரச் சொன்னால் போதும்.

குறிப்பு எழுதிவைக்கும் பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு யோசனை. டப்பாவில் படித்த சொற்களை மறந்துவிட்டு, சமையலறை அஞ்சறைப் பெட்டியையும் ஸ்டோர் மூலையையும் ஒரு முறை முகர்ந்துவிட்டு உட்காருங்கள். நெடி, கமறல், காரல், பச்சைவாடை, மக்கல் என்று நம்மிடம் கெட்ட மணங்களுக்கே இத்தனை தரம் பிரித்த சொற்கள் இருக்கின்றன. பயன்படுத்தத் தயங்க வேண்டாம். பற்றவைக்கும் முன், குழியின் நடுவில், அடியில் என்று மூன்று இடத்தில் எழுதினால் போதும். மீன்குழம்புச் சாப்பாட்டுக்குப் பிறகு எழுதியதை மட்டும் நம்பாதீர்கள்.

டப்பாவைத் திறந்த பிறகு அதிலேயே வைத்திருக்கக் கூடாது. ரப்பர் வளையம் உள்ள கண்ணாடி ஜாடிக்கு மாற்றிவிடுங்கள். ஏலக்காய் மூட்டை, மிளகுச் சாக்கு பக்கத்தில் திறந்து வைத்தால் புகையிலைக்கு அந்த மணம் ஏறும், அதைவிட மோசமாக ஏலத்துக்குப் புகையிலை மணம் ஏறும். வியாபாரி மூட்டையைத் திருப்பிவிடுவார். விர்ஜீனியாவை மூடிவைத்தால் வருடக்கணக்கில் ஊறி, வைக்கோல் குறைந்து பழமணம் கூடிக்கொண்டே போகும். இங்கிலீஷ் கலவையில் லட்டாக்கியாவின் புகைநெடி காலப்போக்கில் தணிந்துவிடும், ஆகவே அதை முதலில் தீர்க்கலாம். ஊறிய வில்லையின் மேல் சில சமயம் வெள்ளையாக எதுவோ படிந்திருக்கும். வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள். ஊசி ஊசியாக மின்னினால் அது நல்ல படிகம், பயப்பட ஒன்றுமில்லை. பஞ்சு போலப் படர்ந்து, ஈரச்சாக்கின் மக்கல் வாடை வந்தால் மழைக்காலப் பூஞ்சணம். முழுவதையும் கொட்டிவிடுங்கள், வாங்கிவந்த மருமகனிடம் மட்டும் சொல்ல வேண்டாம்.